பாருக்கு வழி சொல்லும் மலை

கேள்வி-பதில்

மலைப்பாதையில் ஒளித்துவைத்த பெட்டியைத் துப்பு பிடித்துத் தேடும் விளையாட்டைப் பற்றி ஏரல் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதே சமயத்தில் கடலோர ஊர்களிலிருந்தும் அதையொட்டிய கேள்விகள் வந்து சேர்ந்தன. இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே.

ஏரல் வாசகர்: மலையேறப் போகிறவர்கள் 'லெட்டர்பாக்ஸ்' தேடுகிறார்களாமே, அது என்ன அண்ணாச்சி? தபால் பெட்டிதானா?

தபால்காரர் வராத தபால் பெட்டி. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்று ஒரு மேட்டு நிலம். மரம் குறைவு, சதுப்பு அதிகம், பனிமூட்டம் இறங்கினால் வழி தெரியாது. அங்கே சாக்ஃபோர்டு என்ற ஊரில் இருந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, 1854-ல் கிரான்மியர் பூல் என்ற எட்டாக்கையான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிறகு தபால் அட்டை விட்டுவரும் வழக்கம் வந்தது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் தன் ஊரில் அஞ்சலில் சேர்க்க வேண்டும்.

இப்போது பெட்டிக்குள் ஒரு நோட்டும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார், தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்திவிட்டு, இருந்தது இருந்தபடியே ஒளித்துவைத்துவிட்டு வருவார். இடத்தை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். துப்பு மட்டும் கிடைக்கும்: இந்தப் பாறையும் அந்தக் குன்றின் உச்சியும் ஒரே நேரில் தெரியும்வரை நட, அங்கிருந்து வடகிழக்கே இத்தனை தப்படி.

தூத்துக்குடி வாசகர்: நம்ம ஊரில் உப்பளம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. மலைக்கு எங்கே போவது?

மாவட்டத்துக்குள்ளேயே வல்லநாடு இருக்கிறது, கழுகுமலை இருக்கிறது. ஆனால் உங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு. டார்ட்மூர்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் இந்த வித்தையை உங்கள் கடற்கரை அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே வைத்திருந்தது. ஒரு வேறுபாடு. அங்கே பெட்டி மலையில் இருக்கும். இங்கே தேடும் பொருள் கடலுக்கடியில் இருக்கும், மலை துப்பாக நிற்கும்.

தென்கடற்கரையில் அதற்குக் கணியம் என்று பெயர். கரையில் உள்ள மலை, கோபுரம், தேவாலயம், தனிப்பனை ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர் பிடித்து, எந்த அடையாளமும் இல்லாத நடுக்கடலில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பது. முத்துச் சிப்பி கிடந்த பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, அப்படித்தான் தேடிப் போனார்கள். மீன் அடையும் பாறையையும் மூழ்கிய கப்பலையும் இன்றும் அப்படித் தேடத் தெரிந்தவர்கள் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள்.

புன்னக்காயல் மாணவி: தாத்தா 'நேர் பிடிக்கணும்' என்பார். எப்படி என்று கேட்டால் 'கடலுக்கு வந்தா தெரியும்' என்று முடித்துவிடுவார். நீங்களாவது சொல்லுங்கள்.

தாத்தா சொன்னது சரி. ஆனாலும் காகிதத்தில் முடிந்தவரை சொல்கிறேன்.

வள்ளத்தில் நின்று மேற்கே கரையைப் பார். கரையோரம் ஒரு கோபுரம். அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், ஒரு மலை. வள்ளம் வடக்கே நகர்ந்தால் கோபுரம் மலைக்குத் தெற்கே விலகும். தெற்கே நகர்ந்தால் வடக்கே விலகும். இரண்டும் சரியாக ஒன்றன் முன் ஒன்றாக வந்து நிற்கும் நேரத்தில் நீ ஒரு கோட்டின் மேல் இருக்கிறாய் என்று அர்த்தம். கரையை நோக்கி வந்தாலும் கரையை விட்டுப் போனாலும் அந்தக் கோட்டிலேயே இருக்கலாம். ஆகவே ஒரு நேர் போதாது.

இப்போது தலையைத் திருப்பி, கரையில் வேறு பக்கம் பார். அங்கே இன்னொரு சோடி: ஒரு தேவாலயம், அதற்குப் பின்னால் ஒரு பனங்கூட்டம் என்று வைத்துக்கொள். முதல் நேரை விடாமல் பிடித்தபடி, இரண்டாவது சோடியும் சேரும்வரை ஓட்டு. இரண்டு கோடும் வெட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே நங்கூரக் கல்லைப் போடு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு கோடும் ஏறத்தாழச் செங்கோணமாக வெட்டினால் இடம் கூர்மையாகக் கிடைக்கும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து மெல்லிய கோணத்தில் வெட்டினால், கொஞ்சம் கண் பிசகினாலும் வெகுதூரம் தள்ளிப் போய்விடுவாய். முன்னால் நிற்கும் அடையாளத்துக்கும் பின்னால் நிற்கும் அடையாளத்துக்கும் இடைவெளி அதிகம் இருந்தால்தான் சிறு நகர்வும் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் பின் அடையாளமாக மலை கிடைத்தால் கடலோடிகள் விடமாட்டார்கள். இத்தனையும் திரிகோணவியல் பாடம். உன் தாத்தா அதைப் பள்ளிக்கூடம் போகாமல் தேர்ந்தவர்.

திருச்செந்தூர் வாசகர்: அவ்வளவு தூரத்திலிருந்து கோபுரம் தெரியுமா?

தெரியும், கணக்கே இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் உயரத்தைப் பொறுத்துப் பார்வை நீளும். மீட்டரில் சொன்ன உயரத்துக்கு வர்க்கமூலம் கண்டு, அதை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 40 மீட்டர் உயரக் கட்டிடத்துக்குச் சுமார் 22. வள்ளத்தில் நிற்கிறவர் கண் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் அவர் பங்குக்கு 5. ஆக, 27 கிலோமீட்டர் வரை உச்சி தெரிய இடமுண்டு. உங்கள் ஊர் ஒன்பது நிலைக் கோபுரம் அந்த அளவு உயரம்தான். 300 மீட்டர் உயரக் குன்று என்றால் 60 கிலோமீட்டருக்கு அப்பாலும் தலை காட்டும். இது வானம் தெளிந்த நாளின் கணக்கு. வெயில் ஏறி மூட்டம் போட்டுவிட்டால் மலை மறைந்துபோகும், மலையை நம்பியவர் காத்திருக்க வேண்டியதுதான்.

மணப்பாட்டில் மணல்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில், தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயம், கலங்கரை விளக்கங்கள், பிறகு வந்த அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் எல்லாம் கடலிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுகிறவை. கரையில் இருக்கும் நமக்கு அவை கோயிலும் ஆலையும். கடலில் நிற்கிறவருக்கு அவையே வழி.

காயல்பட்டினம் வாசகர்: பார், பார் என்கிறார்களே, முத்து கிடந்த பார் எங்கே இருக்கிறது?

தூத்துக்குடிக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 12 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில். மணல் பரந்த கடலடியில் அங்கங்கே பாறைத் திட்டு. அதில்தான் சிப்பி ஒட்டி வளரும். தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார், நகரைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அந்த ஆழத்துப் பாறையை வள்ளத்திலிருந்து காண முடியாது.

முத்துக்குளிப்பு அன்று நடந்த விதத்தைக் கேளுங்கள். முதலில் பாரைச் சோதிப்பார்கள். சிப்பி முற்றியிருக்கிறதா, எவ்வளவு கிடக்கிறது என்று குளியாளிகளை இறக்கிப் பார்த்து, ஓராயிரம் சிப்பியை உடைத்து முத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, பிறகே குளிப்புக்கு நாள் அறிவிப்பார்கள். பார் மேல் மிதவை போட்டுக் கொடி நடுவார்கள். கடல் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் பாய் விரித்துக் கிளம்பினால் விடியும்போது பாரில் இருக்கலாம். குளியாளி கனமான கல்லில் கால் வைத்து இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் கீழே. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில் அவர் உயிர். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழுந்ததும் கரை திரும்புவார்கள்.

மன்னார் வளைகுடாவில் பாருக்கு வழிகாட்டிப் போனவர்களை அடப்பனார் என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் வரைபடம் போட்டார்கள், கருவி கொண்டுவந்தார்கள். ஜேம்ஸ் ஹார்னல் போன்ற கடல் அறிஞர்கள் தூத்துக்குடியில் இருந்து பார்களை ஆராய்ந்து எழுதினார்கள். இத்தனைக்கும் அடியில் இருந்தது உள்ளூர்க்காரர் கண். 1862-க்குப் பிறகு அடுத்த நல்ல குளிப்புக்கு 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது. பார் எங்கே என்பது மட்டும் தொலையவில்லை.

அதே வாசகர்: இப்போதும் குளிக்கிறார்களா?

முத்துக்கு இல்லை. 1955-லிருந்து 1961 வரை நடந்ததுதான் கடைசி. சங்குக்குக் குளிக்கிறார்கள். முத்து வளர்ப்பில் வேறு கதை நடந்தது: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-ல் தூத்துக்குடியில்தான் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டியது.

கோவில்பட்டி வாசகர்: கையில் ஜி.பி.எஸ். இருக்கும்போது கணியம் எதற்கு?

நேர்மையான கேள்வி. முதலில் ஜி.பி.எஸ்.ஸின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கியது. மே 3-ஆம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார். ஜியோகேஷிங் என்ற தேடல் விளையாட்டு அப்படித் தொடங்கி உலகமெல்லாம் பரவிவிட்டது. மீனவருக்கும் அந்தக் கருவி பெரிய வரம். இருட்டிலும் மூட்டத்திலும் கரை சேர்க்கிறது, எல்லை தாண்டிவிடாமல் எச்சரிக்கிறது, ஆபத்தில் இருக்கும் இடத்தைச் சொல்ல உதவுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் கருவி தருவது ஓர் எண். கணியம் தெரிந்தவர் அந்த எண்ணோடு சேர்த்து ஆயிரம் சங்கதி வைத்திருக்கிறார். கச்சான் காற்று அடிக்கும்போது அந்த இடத்தில் கல் பிடிக்குமா, வாடையில் நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மாதத்தில் எந்த மீன் அடையும், பாரின் எந்த ஓரத்தில் வலை கிழியும் என்பதெல்லாம் அந்த நேர்களோடு சேர்ந்தே மனதில் கிடக்கும். நேர் மறந்தால் மற்றதும் மறக்கும். இருக்கும்போதே எழுதிவைக்காமல் விட்டால் ஒரு தலைமுறையில் போய்விடும், பிறகு எந்தச் செயற்கைக்கோளாலும் மீட்டுத்தர முடியாது. என் கவலை இது ஒன்றுதான்.

மேலும், கருவி நனையும், மின்கலம் தீரும். மலை தீராது.

வேம்பார் வாசகர்: கணியத்தை வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்களே?

சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டியதில்லை. ஒரு பாறை ஒரு குடும்பத்தின் சோறு. பக்கத்து வள்ளம் கண்ணில் படும்போது இடத்தில் நிற்காமல் தள்ளிப்போய் நிற்கிறவர்கள் உண்டு. மகனுக்கும் மருமகனுக்கும்தான் அது போகும். டார்ட்மூரிலும் துப்பு எழுதிய தாளைக் கண்டவரிடமெல்லாம் நீட்டாதவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது விளையாட்டின் சுவை. இங்கே வயிறு. அந்த வேறுபாட்டை மதித்துத்தான் பேச வேண்டும்.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்: நம் பக்கத்தில் துப்பு பிடித்துப் போய்ப் பெரிதாக எதையாவது கண்டுபிடித்தவர் யாராவது உண்டா?

உண்டு, உங்கள் ஊருக்கு அருகிலேயே. தொலைந்த ஒரு துறைமுகத்தை.

கிரேக்கக் கடலோடிகளின் குறிப்பேடான பெரிப்ளஸ், கொல்கி என்ற இடத்தில் முத்துக்குளிப்பு நடப்பதாகச் சொல்கிறது. பழங்காலப் புவியியலாளர் தாலமியின் நூலிலும் அந்தப் பெயர் வருகிறது. சங்க நூல்கள் கொற்கை முத்தைச் சொல்கின்றன. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கொற்கை, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் குளத்துக்கும் நடுவே கிடந்த சிற்றூர். கடல் இல்லாத இடத்தில் துறைமுகம் எப்படி?

இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் இந்தத் துப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஊர்ப்பெயரைக் கேட்டார், மண்ணைத் தோண்டினார். கீழே கடற்சிப்பிகள் வந்தன. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது என்று கண்டார். கொற்கையைக் கடல் கைவிட்ட பிறகு துறை இடம் மாறியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த காயல், இன்றைய பழையகாயல் என்று அவர் முடிவுகட்டினார். அதற்கு அவருக்குக் கிடைத்த துப்பு மண்ணில் சிதறிக் கிடந்த சீனத்துப் பாண்ட ஓடுகள். கொற்கை, காயல் ஆய்வைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1877-ல் வெளிவந்தது.

புத்தகத்தில் ஒரு பெயர், ஊரார் வாயில் அதே பெயர், மண்ணுக்குள் சிப்பி, மேலே பாண்ட ஓடு. நான்கும் நேர் சேர்ந்த இடத்தில் அவர் நின்றார். இதற்குப் பிறகு 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது, அண்மையிலும் செய்திருக்கிறது. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த முதுமக்கள் தாழியின் நெல், 3,200 ஆண்டு பழமையானது என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. கொற்கைக்குப் போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். கடல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று அங்கே நின்று யோசித்துப் பார்ப்பது பெரிய அனுபவம்.

எட்டயபுரம் வாசகர்: மலை உச்சியில் வருகைப் பதிவேடு என்பது வெள்ளைக்காரர் பழக்கம்தானே?

கழுகுமலை ஏறிப் பாருங்கள், பிறகு பேசுவோம். பாறை முகப்பு நெடுக வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். பெரும்பாலானவற்றின் அடியில் வட்டெழுத்தில் ஒரு குறிப்பு: இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார், இந்த ஊர். 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தகைய கல்வெட்டுகள் நூறு அளவில் இருக்கின்றன. அரசர் பெயரைத் தேடிப் போகிறவருக்கு அங்கே தச்சரும் குயவரும் கிடைப்பார்கள். குரத்தியர் என்ற பெண் துறவியாசிரியர்கள் கிடைப்பார்கள். கோட்டாறு, திருச்சாரணம் என்று வெகுதூரத்து ஊர்கள் கிடைக்கும். இத்தனை பேர் அந்த மலைக்கு வந்து, தாங்கள் வந்ததை ஆயிரத்து இருநூறு ஆண்டு நிற்கும்படி கல்லில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதன் பக்கத்தில் ஆணியால் தன் பெயரைக் கீறுகிறவர் பதிவேட்டைக் கிழிக்கிறார். இதைக் கோபமாகவே சொல்கிறேன்.

துறைமுக ஊழியர்: கடலோடிகளுக்கென்று இப்படித் தபால் பெட்டி எங்காவது இருக்கிறதா?

காலபாகோஸ் தீவுக்கூட்டத்தில் ஃபுளோரியானா என்ற தீவில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் கரையில் ஒரு பீப்பாயை வைத்தார்கள். வருடக்கணக்கில் வீடு திரும்பாதவர்கள் கடிதத்தை அதில் போடுவார்கள். ஊர் திரும்பும் கப்பல், தன் வழியில் உள்ள ஊர்களின் கடிதங்களைப் பொறுக்கி எடுத்துப்போகும். தபால்தலை இல்லை, முத்திரை இல்லை, நம்பிக்கை மட்டும். இன்றும் சுற்றுலாப் பயணிகள் தங்கள் ஊருக்கு அருகே உள்ள முகவரியைத் தேடி எடுத்துப்போய்க் கொடுக்கிறார்கள்.

திருநெல்வேலி கல்லூரி மாணவர்: வல்லநாட்டு மலையில் நாங்கள் ஒரு பெட்டி ஒளித்துவைக்கலாம் என்று இருக்கிறோம். இடம் சொல்லுங்கள்.

வைக்காதீர்கள். வல்லநாடு வெளிமான் சரணாலயம், 1987-லிருந்து. வெளிமான் வாழும் தென்கோடி இடங்களில் ஒன்று. அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், அதற்குள் பிளாஸ்டிக் டப்பா வேறு. மன்னார் வளைகுடாத் தீவுகளும் அப்படியே. 1986-லிருந்து 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடக்கம்.

காட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை ஏற வேண்டுமா, வனத்துறை 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு போங்கள். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துப்போங்கள். உச்சியில் நின்று எதோடு எது நேர் சேர்கிறது என்று எழுதிப் பழகுங்கள்.

அதே மாணவர்: அப்படியானால் துறைமுகம் பக்கம்?

மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை காவல் காக்கும் இடத்தில் மூடிய பெட்டியை ஒளித்துவைப்பதா? இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் 2011-ல் கடை வாசலுக்கு அருகே ஒருவர் இப்படி வைத்த டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே அடைத்தார்கள். பள்ளி வளாகம், நூலகம், உறவினர் தோப்பு போதும். உரியவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

ஆத்தூர் வாசகர்: வெளிநாட்டிலிருந்து வந்த திசைகாட்டி இங்கே வந்ததும் முட்டி முட்டி நிற்கிறதே, பழுதா?

பழுதில்லை, உங்கள் ஊரின் இருப்பிடம் அப்படி. இங்கிலாந்தில் காந்த ஊசியின் வடமுனை 60 டிகிரிக்கும் மேல் கீழ்நோக்கிச் சாயப் பார்க்கும். அதைச் சமன்செய்யத் தென்முனையில் சிறு எடை சேர்த்து விற்கிறார்கள். நம் பகுதி பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊசிக்கு இங்கே சாய்வு கிட்டத்தட்ட இல்லை. சாயாத ஊசியில் அந்தக் கூடுதல் எடை தென்முனையை அழுத்தி, கண்ணாடியில் உரச வைக்கிறது. நம் மண்டலத்துக்குச் சமன்செய்த திசைகாட்டி கேட்டு வாங்குங்கள். இந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

சாயர்புரம் ஆசிரியை: மாணவர்களுக்குத் துப்பு எழுதப் பழக்க வேண்டும். எப்படித் தொடங்கலாம்?

முதல் விதி: நகராததை நம்பச் சொல்லுங்கள். 'சிவப்புச் சுவர்' அடுத்த பொங்கலுக்கு நீலமாகிவிடும். பாறை, கிணறு, வயதான ஆலமரம், கோபுரம் ஆகியவை நல்லவை. இரண்டாவது, ஒற்றை அடையாளம் சொல்லக் கூடாது, சோடியாகச் சொல்ல வேண்டும்: 'கிணற்று மேடையும் மணிக்கூண்டும் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் நில்.' மூன்றாவது, தப்படிக் கணக்கு யாருடைய தப்படி என்று சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் இருபதும் உங்கள் இருபதும் ஒன்றல்ல. கடைசியாக, எழுதியவர் இல்லாமல் வேறொரு பிள்ளையை அனுப்பிச் சோதியுங்கள். அவள் போய்ச் சேராவிட்டால் குறை துப்பில் இருக்கிறது, அவளிடம் இல்லை.

நிலமும் எப்போதும் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. தூத்துக்குடித் தீவுக்கூட்டத்தில் இருந்த விலாங்குசல்லி கடலில் மூழ்கிவிட்டது. காரியாச்சல்லி கரைந்துகொண்டே வருகிறது. வான்தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது. தீவு ஒன்று மறையும்போது அதை வைத்துப் பிடித்த நேர்களும் மறைகின்றன. உயரமான கட்டிடம் முளைத்துப் பின்னால் இருந்த மலையை மறைத்தாலும் அதே கதி. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வீரபாண்டியன்பட்டினம் வாசகர்: அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் வங்கி வேலையில் இருக்கிறேன். அவருக்குத் தெரிந்ததை நான் என்ன செய்வது?

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் இடம். பாரின் பெயர், முதல் நேர், இரண்டாம் நேர், எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா சேறா பாறையா, எந்தக் காற்றில் போகலாம், எந்த மாதம் என்ன கிடைக்கும், யாரிடம் கற்றார். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், புத்தகத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் அவரை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய், அவர் நேர் பிடித்து நிறுத்தும் இடத்தில் ஜி.பி.எஸ். எண்ணையும் எடுத்துப் பக்கத்தில் குறித்துவையுங்கள். கடலில் நிற்கும்போது நினைவுக்கு வருவது திண்ணையில் வராது.

அந்த நோட்டு யாருக்குப் போக வேண்டும் என்பதை அப்பாவே முடிவு செய்யட்டும். குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றால் ஊருக்குக் கொடுங்கள். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கடலோரத்தில் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள்: வீட்டில் பழைய சம்மாட்டியோ குளியாளியோ தண்டலோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்குங்கள்.